இட்லிப்பூச் செடி ஏன் மஞ்சளானது: புது வீட்டு வாசலில் நான் தொலைத்த ஒன்றரை வருடம்

உருண்டையாக, பச்சைப்பசேலென்று, கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூவோடு நிற்கிற இட்லிப்பூச் செடியைப் பார்க்காதவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள். கோயில் பிராகாரம், பள்ளிக்கூட வாசல், கல்யாண மண்டபம் என்று எங்கே போனாலும் நிற்கும். யாரோ மெனக்கெட்டு வளர்த்த செடி போலவே இருக்காது. அதனால்தான் அதை என் வீட்டில் வைப்பதற்கு முன் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒன்றரை வருடமும் 16,000 ரூபாயும் போன பிறகு, என் கையில் இருந்தது பாதி செத்து, மீதி வெளிறிப்போன ஒரு செடி வரிசை. அந்த நாட்களில் 'இங்கே கொஞ்சம் தோண்டிப் பார்த்துவிட்டு நடு' என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். புது வீடு கட்டி, வாசலில் ஏதாவது பச்சையாக வைக்க நினைப்பவர்களுக்கு இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அங்கே இட்லிப்பூவைத் தெச்சி என்போம். இலக்கியத்தில் வெட்சி என்று வருவதும் இதுதான்; ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடிய பூ. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஆள் உயரத்துக்கு ஒரு தெச்சிப் புதர் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பூவின் நடுக்காம்பை மெல்ல உருவி, நுனியில் நிற்கும் ஒரு துளித் தேனை நக்குவோம். அம்மா அதற்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. அம்மா போன பிறகு வீட்டை விற்றோம். கடைசியாகச் சாமான்களை ஏற்றிய அன்று, தரையோடு சாய்ந்து வேர்விட்டிருந்த ஒரு கிளையைப் பதியனாக வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். வாடகை வீட்டில் ஒரு வாளியில் இரண்டு வருடம் அது நன்றாகத்தான் இருந்தது.

சூலூரைத் தாண்டிப் பல்லடம் போகும் பாதையில் மனை வாங்கி வீடு கட்டினோம். கணவர் கத்தாரில், மகள் சென்னையில் விடுதியில். கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டதும் பிறகு குடியேறியதும் நான் மட்டும்தான். 2022 தை மாதம் கிரகப்பிரவேசம். கேட்டிலிருந்து போர்டிகோ வரை 30 அடி நடைபாதை, அதன் இரண்டு பக்கமும் இரண்டரை அடி அகலத்தில் மண் விட்டிருந்தோம். அந்த இரண்டு பட்டையிலும் உருண்டை உருண்டையாக இட்லிப்பூ நிற்க வேண்டும் என்பது வீட்டுக்கு அஸ்திவாரம் போடும் முன்பே நான் முடிவு செய்தது. அந்த ஜூனில், தென்மேற்குக் காற்று இறங்கியதும், ஒரு நர்சரியில் பேசி முடித்தேன். ஏற்கெனவே பந்துபோலக் கத்தரித்து வைத்திருந்த 30 செடிகள், ஒரு லோடு செம்மண், தொழு உரம், குழி எடுக்கும் கூலி எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய். நர்சரிக்காரர் ஒரு செடியை இனாமாகவே கொடுத்தார். "இதுக்கு ஒண்ணுமே பண்ண வேண்டாங்க அக்கா, தண்ணி மட்டும் காட்டுங்க, தானா வந்துடும்" என்றார். வரிசையின் தலைமாட்டில், கேட்டை ஒட்டி, அம்மா வீட்டுப் பதியனை நானே என் கையால் நட்டேன். இனாமாக வந்த செடிக்கு இடமில்லை. பையோடு அதைப் பின்பக்கம் வைத்துவிட்டு மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. புகைப்படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். செப்டம்பரில் துளிர்த்த இலைகள்தான் முதலில் வித்தியாசமாக வந்தன. இலை முழுக்க எலுமிச்சை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடு போட்டதுபோல். பழைய இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த ஒரு அடையாளத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் கதை முழுக்க இதில்தான் இருந்தது. பழைய இலைகள், அதாவது அடி இலைகள், சீராக மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. அடி இலையில் நரம்புகளுக்கு இடையில் மட்டும் மஞ்சளானால் மெக்னீசியத்தைச் சந்தேகிக்கலாம். நுனித் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. இரும்பைச் செடி ஒரு இலையிலிருந்து எடுத்து இன்னொரு இலைக்கு அனுப்ப முடியாது, அதனால் புதிதாகப் பிறக்கும் இலைதான் பட்டினி கிடக்கிறது. முற்றிப்போனால் துளிர் வெள்ளையாகவே வந்து, ஓரம் கருகி, கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வரும். இது தெரிந்திருந்தால் அந்தச் செப்டம்பரிலேயே பாதி விஷயத்தைப் பிடித்திருப்பேன்.

தெரியாததால் கேட்டவர்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். வாரம் ஒருமுறை வரும் தோட்டக்காரர் தண்ணீர் பத்தவில்லை என்றார். காலையும் மாலையும் விட்டேன். மஞ்சள் கூடியது. ஈரம் வடியாமல் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காமல் இந்த நோய் இன்னும் மோசமாகும் என்பது பின்னால் தெரிந்தது. பிறகு சத்துப் பத்தவில்லை என்றார்கள். யூரியா, டிஏபி, பாட்டிலில் வந்த ஒரு பச்சை டானிக், பூஞ்சை மருந்து, பூச்சி மருந்து என்று எட்டு மாதத்தில் 4,200 ரூபாய். கணக்கு எழுதுவதுதான் என் தொழில், அதனால் ஒவ்வொரு பைசாவும் நோட்டில் இருக்கிறது. டிஏபியில் இருக்கும் மணிச்சத்து அதிகமாகும்போது, வேர் இரும்பை எடுப்பது இன்னும் குறைகிறது. காசு கொடுத்து நோயை வளர்த்திருக்கிறேன்.

இலவசமாகச் செய்த கெடுதல் அதைவிட அதிகம். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் செடிக்கு நல்லது என்று யார் சொல்லிக் கேட்டாலும் நம்புகிறோம் இல்லையா, நானும் தினம் போட்டேன். முட்டை ஓடு என்பது சுண்ணாம்பு. அக்கம்பக்கத்தில் விறகடுப்புச் சாம்பல் கிடைத்தது, அதையும் தூவினேன். சாம்பலும் மண்ணைக் காரமாக்கும். வீட்டில் ஆர்.ஓ. சுத்திகரிப்பான் இருக்கிறது, அதிலிருந்து கழிந்து வரும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று குழாய் போட்டு நேராகச் செடி வரிசைக்கே விட்டேன். 800 அடி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த உப்பையெல்லாம் பிரித்து ஒதுக்கி, அந்த உப்புக் கூடிய தண்ணீரைத் தினமும் அதே வேருக்கு ஊற்றியிருக்கிறேன். தக்காளிச் செடிக்கோ முருங்கைக்கோ முட்டை ஓடு ஒரு கெடுதலும் செய்யாமல் போகலாம். இட்லிப்பூ, கார்டீனியா மாதிரி புளித்த, அதாவது அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடிகளுக்கு அது ஆகாது. செடிக்குச் செடி வாய் வேறு என்பதை நான் யோசிக்கவே இல்லை.

2023 சித்திரை வெயிலில் 11 செடிகள் போய்விட்டன. அம்மாவின் பதியனும் அதில் ஒன்று. ஒரு நாள் காலையில் கிளையை ஒடித்துப் பார்த்தேன், உள்ளே பச்சை இல்லை. அன்றைக்கு அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். ஒரு செடிக்காக இப்படி அழுவதா என்று யாராவது கேட்பார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குத் திரும்ப யோசித்தால் அதைத் தரையில் நட்டிருக்கவே கூடாது. வாளியிலேயே விட்டிருக்க வேண்டும், அல்லது முதலில் அதிலிருந்து நான்கு குச்சியாவது வெட்டி வேர்பிடிக்க வைத்திருக்க வேண்டும். திரும்ப வாங்க முடியாத செடி உங்களிடம் இருந்தால், தெரியாத மண்ணில் அதை முதலில் நடாதீர்கள். பத்து ரூபாய்ச் செடியை நட்டு ஒரு வருடம் பாருங்கள்.

ஜூனில் மனதைத் தேற்றிக்கொண்டு இறந்தவற்றுக்குப் பதிலாக 11 செடி வாங்கி அதே குழிகளில் நட்டேன். கூலியோடு 2,300 ரூபாய். செப்டம்பரில் அவையும் அதேபோல மஞ்சளாகின. நர்சரிக்காரரிடம் போய்க் கேட்டபோது, என் தண்ணீர்தான் சரியில்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அது பாதி உண்மை. நடும் முன்பே அவர் என் தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுற்றிச் சுத்தம் செய்தபோதுதான் எல்லாம் மாறியது. பின்பக்கம், படுக்கையறை ஏசியின் தண்ணீர்க் குழாய் சொட்டுகிற இடத்தில், பழைய ஓட்டுக் குவியலுக்குப் பக்கத்தில், இனாமாக வந்த அந்த 31-ஆவது செடி நின்றது. கறுப்புப் பை பாதி கிழிந்து போயிருந்தது. 15 மாதம் ஒரு பிடி உரம் இல்லை, ஒரு மருந்து இல்லை, நான் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சை. உச்சியில் மூன்று கொத்துப் பூ. அதைத் தூக்கிக்கொண்டு வந்து முன்வாசல் வரிசைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நர்சரி, ஒரே நாள். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டே இரண்டுதான்: அது நின்றது நர்சரி மண்ணில், குடித்தது ஏசித் தண்ணீரும் மழைத் தண்ணீரும். ஏசியிலிருந்து சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கிய தண்ணீர். அதில் உப்பும் கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையை எடுத்து வரிசையில் ஒரு இடத்தில் நானே தோண்டினேன். மேலே முக்கால் அடி செம்மண். அதற்குக் கீழே டங்கென்று சத்தம். உடைந்த செங்கல், சிமென்ட் கட்டி, பூச்சு வேலையில் உதிர்ந்த கலவை, டைல்ஸ் துண்டு. மேஸ்திரி ஆட்கள் கலவைச் சட்டியைக் கழுவி ஊற்றிய இடமே அதுதான் போலிருக்கிறது, ஒரு அடுக்கு முழுக்கச் சாம்பல் நிறத்தில் பாளம் பாளமாக உறைந்திருந்தது. அதையும் தாண்டினால் இயற்கை மண், அதில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல். சமையலறையிலிருந்து வினிகரைக் கொண்டுவந்து காய்ந்த மண்ணில் ஊற்றினேன். சோடா மாதிரி நுரைத்தது. நீங்களும் செய்து பார்க்கலாம், இருபது ரூபாய்ச் செலவு: மண்ணில் வினிகர் பட்டு நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, அந்த இடத்தில் இட்லிப்பூ தானாக வந்துவிடாது. எங்களுக்கு மனை விற்ற பெரியவர் பக்கத்துத் தோட்டத்தில்தான் இருக்கிறார். போய்ச் சொன்னதும், "அது சுக்கான் காடாச்சேங்கம்மா. எங்கப்பன் காலத்துல சோளமும் கொள்ளும்தான் போடுவோம். முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே" என்றார். கேட்டிருக்கலாம். வீடு கட்டும்போது தண்ணீர் எத்தனை அடியில் வரும் என்று அவரிடம் பத்து தடவை கேட்டேன், மண்ணைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பிறகுதான் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்தேன். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன, வேளாண் அறிவியல் நிலையங்களிலும் பார்க்கிறார்கள். எனக்கு ஆன கட்டணம் ஒரு செடியின் விலைகூட வரவில்லை. மண் எடுக்கும் முறை முக்கியம். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' போல ஒரு குழி வெட்டி, அதன் சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்துக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். ஐந்தாறு இடத்தில் எடுத்து, நிழலில் உலர்த்தி, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கி, கடைசியில் அரைக் கிலோ வருகிற மாதிரி குறைத்துக் கொடுக்க வேண்டும். உரம் போட்டவுடன் எடுக்கக் கூடாது. என் மண்ணின் கார அமில நிலை, அதாவது பி.எச்., 8.7. தண்ணீர் 8.2. இட்லிப்பூவுக்கு வேண்டியது 5-க்கும் 6-க்கும் நடுவில். மூன்று எண்தானே என்று தோன்றும். இந்த அளவில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்று அங்கிருந்தவர் சொன்னபோதுதான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறேன் என்று புரிந்தது. அவர் சொன்ன இன்னொன்று: "உங்க மண்ணுல இரும்பு நிறையவே இருக்கும்மா. கரையாம கிடக்குது. கரைஞ்சாத்தானே வேர் குடிக்கும்?" அம்மா வீட்டுச் செடிக்கு யாரும் ஒன்றும் செய்யாததன் காரணம் அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, அங்கே சுண்ணாம்பை மழை கழுவிக்கொண்டு போய்விட்ட செம்மண். லேசாகப் புளித்த அந்த மண்ணில் இரும்பு தானாகக் கரைந்து கிடைக்கும். அம்மாவின் கைராசி என் கைக்கு வரவில்லை என்று ஒன்றரை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண்ணைப் புளிக்க வைக்கக் கந்தகம் போடலாமா என்று கேட்டேன். சுண்ணாம்பு இல்லாத மண்ணாக இருந்தால் மெதுவாகப் பலன் தரும், சுக்கானும் சிமென்ட்டும் கிடக்கிற மண்ணில் எவ்வளவு போட்டாலும் அந்தச் சுண்ணாம்பு தின்றுவிடும் என்றார். ஒரு பிளம்பர் குளியலறை கழுவும் ஆசிட்டை நீர்த்து ஊற்றச் சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், வேர் வெந்துபோகும், ஊற்றுகிறவர் கையும் கண்ணும் போகும்.

அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு) பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உரக்கடையில் போய் இரும்புச்சத்து என்றால் முதலில் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். விலை குறைவு. கார மண்ணில் அதை வேரில் போட்டால் சில நாளிலேயே துருவாக மாறிச் செடிக்கு உதவாமல் கிடக்கும். நான் அதையும் ஒரு கிலோ போட்டுப் பார்த்தவள்தான். இலையில் தெளித்தால் பலன் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வெயில் இறங்கியதும், இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரி தெளிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. அன்னபேதி இளம்பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் பழைய சரக்கு, வாங்காதீர்கள். முடிந்தால் கலக்குவதற்கு மழைத் தண்ணீரோ ஏசித் தண்ணீரோ எடுங்கள். இன்னொன்று, என் போர்டிகோ டைல்ஸில் இன்றும் அழியாத துருக்கறை திட்டுத் திட்டாக இருக்கிறது, தெளிக்கும்போது தரையை மூடிக்கொள்ளுங்கள்.

வேரில் ஊற்றுவதற்கு என்று பொடியாக விற்கும் இரும்புக் கூட்டுகளில் (செலேட்) இரண்டு வகை இருக்கின்றன. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் ஏமாந்துபோவோம். ஈ.டி.டி.ஏ. என்று போட்டிருப்பது எங்கும் கிடைக்கும், மஞ்சள் பொடி. அது கார மண்ணில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளாது, பி.எச். 6.5 தாண்டினாலே கைவிட ஆரம்பித்துவிடும். ஈ.டி.டி.எச்.ஏ. என்று நடுவில் ஒரு 'எச்' உள்ளது செம்பழுப்பாக இருக்கும், தண்ணீரில் போட்டால் இரத்தம் மாதிரி கரையும். பி.எச். 9 வரை அது தாங்கும். விலை பல மடங்கு அதிகம், சின்னக் கடைகளில் இருக்காது, கேட்டு வரவழைக்க வேண்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். எனக்கு அடுத்தடுத்து வந்த துளிர்களில் மூன்று வாரத்துக்குள் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் இது காய்ச்சலுக்கு மாத்திரை போடுவது மாதிரிதான். மண்ணும் தண்ணீரும் மாறாதவரை வருடம் முழுக்க வாங்கி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதனால் 2024 ஜனவரியில் எல்லாவற்றையும் பிடுங்கி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு ஆட்கள் இரண்டு நாள் வேலை செய்தார்கள். கட்டடக் கழிவை இரண்டு அடி ஆழம்வரை எடுத்து டிராக்டரில் வெளியேற்றினோம். கீழே சுக்கான் நிலத்தை ஒன்றும் செய்ய முடியாது என்பதால், தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்துக்குப் பாத்தியை உயர்த்தினோம். ஓரத்துக்குச் சிமென்ட் பூசாமல் கருங்கல்லை வெறுமனே அடுக்கினேன், சிமென்ட் பூசினால் அதிலிருந்தே சுண்ணாம்பு கசியும். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு அடியில் வைத்திருந்த வரிசையை நடைபாதையிலிருந்து இடம் எடுத்து இரண்டு அடிக்கு மேல் தள்ளிக்கொண்டேன். இந்தத் தடவை செம்மண் லோடு இறக்கும் முன்பே அந்த மண்ணில் வினிகர் ஊற்றிப் பார்த்தேன், முதலில் வந்த லோடு நுரைத்தது, திருப்பி அனுப்பினேன். டிரைவருக்குக் கோபம்தான். செம்மண், மக்கிய இலைச் சருகு, மண்புழு உரம், தென்னை நார்க் கழிவு எல்லாம் கலந்து நிரப்பினேன். தென்னை நார்க் கழிவில் உப்பு இருக்கும், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். கூலி, டிராக்டர், மண், மக்கு எல்லாம் 11,000 ரூபாய். மொத்தம் 27,000. இந்த 11,000 ரூபாய் வேலையை முதல் நாளே செய்திருந்தால், அந்த 16,000-ல் செடி வாங்கிய காசு போக மீதி என்னிடமே இருந்திருக்கும். கட்டட வேலை நடக்கும்போதே செடி வைக்கப்போகும் இடத்தைக் கயிறு கட்டி ஒதுக்கி, இங்கே கலவை கழுவக் கூடாது, கழிவு கொட்டக் கூடாது என்று மேஸ்திரியிடம் சொல்லியிருந்தால் அதிலும் பாதி மிஞ்சியிருக்கும்.

தண்ணீருக்கு மொட்டை மாடி மழைநீர்க் குழாய்களில் ஒன்றைப் பிரித்து 2,000 லிட்டர் தொட்டியில் விட்டிருக்கிறேன். மூன்று ஏசிகளின் சொட்டுத் தண்ணீரும் குடங்களில் சேர்கிறது. கோடையில் இது போதாது, போர் தண்ணீர்தான் கைகொடுக்கிறது. அதனால் கோடை முடிந்து முதல் மழை வந்ததும் ஒரு தடவை ஈ.டி.டி.எச்.ஏ. ஊற்றுகிறேன். கோவை நகருக்குள் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். அந்தத் தண்ணீர் மென்மையானது, உப்புப் படியாது. வேரடியில் காய்ந்த சருகை மூன்று விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டிருக்கிறேன், தண்ணீர்ச் செலவு பாதியாகிவிட்டது.

செடி வாங்கியதிலும் ஒரு தவறு செய்திருந்தேன். முதலில் வந்த 30-ல் இரண்டு வகை கலந்திருந்தன. பெரிய இலையுள்ள நாட்டு வகை ஆள் உயரத்துக்கு மேல் போகக்கூடியது. சின்ன இலையுள்ள மினி வகை இரண்டு மூன்று அடியில் நின்றுவிடும். நர்சரியில் இரண்டையும் பந்தாக வெட்டி வைத்திருந்தால் நமக்கு வித்தியாசம் தெரியாது, ஒரு வருடத்தில் வரிசை மேடும் பள்ளமுமாகப் போய்விடும். இலையை அருகில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள், பூ இருக்கும்போது வாங்குவது இன்னும் நல்லது. மினி வகைக்கு ஒன்றரை அடி, நாட்டு வகைக்கு மூன்று அடி இடைவெளி வேண்டும். பையைக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள், வேர் பைக்குள்ளேயே வட்டமாகச் சுற்றி இறுகியிருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அந்தச் செடியை வாசலுக்குள்ளேயே விடாதீர்கள்.

உருண்டை வடிவம் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது, அதையும் விட்டுவிட்டேன். தோட்டக்காரர் வரும்போதெல்லாம் பெரிய கத்தரியை எடுத்துப் பந்துபோல வழித்துவிடுவார், பார்க்க நறுவிசாக இருக்கும், பூ மட்டும் வராது. இட்லிப்பூ கிளை நுனியில்தான் பூக்கும். மாதாமாதம் நுனியை வெட்டினால் மொட்டையே வெட்டுகிறோம். இப்போது ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்த பிறகு, சின்னக் கத்தரியால், நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை மட்டும் உள்ளே ஒரு கணு தள்ளிக் கவாத்து செய்கிறேன். பிறகு இரண்டு மாதம் தொடுவதில்லை. உச்சியைவிட அடி சற்று அகலமாக இருக்கும்படி விட்டால்தான் அடிக்கிளைக்கும் வெயில் கிடைத்து இலை தங்கும், இல்லையென்றால் கீழே வெறும் குச்சியாகிவிடும். உருண்டை கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, கிணற்றடிப் புதரும் அப்படித்தான் இருந்தது.

எறும்பு வரிசையாக ஏறினால் மட்டும் உடனே கவனிக்கிறேன். அது போகிற இடத்தில் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும், விட்டால் இலையில் கரும்பூசணம் படரும். குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு.

பிடுங்கியவற்றில் 14 செடிகள் பிழைத்தன, அவற்றை நாட்டு வகை, மினி வகை என்று பிரித்து ஆளுக்கொரு பக்கமாக நட்டேன். 31-ஆவது செடி இப்போது கேட்டை ஒட்டி, பதியன் இருந்த இடத்தில் நிற்கிறது. மீதி இடங்களுக்குப் புதிதாக வாங்கவில்லை, அதிலிருந்தும் மற்றவற்றிலிருந்தும் பென்சில் கனக் குச்சிகளை வெட்டி, மழைக்காலத்தில் நிழலில் வேர்பிடிக்க வைத்து நட்டு வருகிறேன். தேன்சிட்டு ஒன்று தினமும் காலையில் வருகிறது. கீழ்நிலைத் தண்ணீர்த்தொட்டியின் சிமென்ட் சுவரை ஒட்டிய மூலையில் மட்டும் இரண்டு முறை வைத்தும் மஞ்சளடித்தது. அங்கே இட்லிப்பூவை விட்டுவிட்டு விராலி வைத்தேன். கோவையைச் சுற்றியுள்ள வறண்ட கரடுகளில் தானாக வளர்வது, எப்போதும் பச்சை, சுண்ணாம்பு மண்ணுக்கு அஞ்சாது, வெட்டினால் உருண்டையாகவும் நிற்கும். உங்கள் மண் முழுக்கச் சுக்கான் என்றால், பாத்தி உயர்த்தச் செலவு செய்ய முடியாது என்றால், முதலிலேயே விராலியை யோசியுங்கள். அரளியும் அந்த மண்ணில் வரும், ஆனால் அதன் எல்லா பாகமும் விஷம், சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். என் மூலையில் வைத்த விராலிக்கு இந்த ஐப்பசியோடு ஒரு வருடம் ஆகிறது, இடுப்பு உயரம் வந்துவிட்டது, போர் தண்ணீர்தான் குடிக்கிறது.